நாகையிலிருந்து குமரிமுனை வரை: எட்டு நாள் காற்றும் கடலும்

முதல் நாள்: நாகப்பட்டினம் – கோடியக்கரை, 29 கடல்மைல்

பிப்ரவரி கடைசி வாரம். வாடை தணிந்துகொண்டிருக்கிறது, சோழகம் இன்னும் எழவில்லை. நாகையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சிறு படகில் போக ஆண்டில் கிடைக்கும் நல்ல இடைவெளிகளில் இதுவும் ஒன்று. படகு 30 அடி பைபர், அமரத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் (அமரம் படகின் பின்பகுதி, அணியம் முன்பகுதி), தட்டையான நீரில் 8 நாட் வேகம். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல். கரையை விட்டு 3 முதல் 8 கடல்மைல் தள்ளி ஓட்டம். அன்றன்று காற்றும் அலையும் நீரோட்டமும் எப்படி இருந்தன, ஏன் அப்படி இருந்தன என்பதை மாலைதோறும் இங்கே பதிகிறோம்.

முதலில் பெயர்கள். வாடை வடகிழக்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், சோழகம் தெற்கிலிருந்தும், கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்தும் வரும் காற்று. ஊருக்கு ஊர் திசை சற்று மாறும். நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு. வானிலை அறிவிப்பைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வார்கள், நீரோட்டத்துக்கு அது எங்கே போகிறது என்று சொல்வார்கள். 'வடகிழக்குக் காற்று, வடகிழக்கு நீரோட்டம்' என்று எழுதியிருந்தால் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று பொருள். அன்றைய கடல் கெட்ட கடல்.

இன்று அதுதான் நடந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையோரம் தெற்கே ஓடும் நீர், பிப்ரவரியில் திரும்பி வடக்கே ஓடத் தொடங்கிவிடும். காற்றோ இன்னும் வாடை. காற்றுக்கு எதிராக நீர் ஓடினால் அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். 12 நாட் காற்றுக்கு இவ்வளவு வெள்ளைத் தலை ஏன் என்று தோன்றினால் நீவாட்டைப் பாருங்கள். இன்ஜின் 8 நாட்டுக்கு ஓடியும் ஜிபிஎஸ் 7 நாட் காட்டினால் மீதி ஒரு நாட்டை நீரோட்டம் தின்றுவிட்டது.

புறப்பாடு விடியற்காலை 4.30. இரவில் குளிர்ந்த தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அப்போது வாடையைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடேறியதும் கிழக்கேயிருந்து கடற்காற்று புகும். அது வாடையோடு சேர்ந்தால் 10 நாட் காற்று 16 நாட் ஆகிவிடும். இந்தக் கரையில் ஓட்டத்தை உச்சிக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

நாகைத் துறைமுகம் கடுவையாற்று முகத்தில் இருக்கிறது. ஆற்று முகங்களில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் வெளியே பாய, அலை உள்ளே வர, முகத்தில் அலை நின்று உடையும். அலை தன் உயரத்தைப் போல் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்கும் என்பது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. ஒன்றரை மீட்டர் அலைக்கு 2 மீட்டர் ஆழம். திட்டின் மேல் இருக்கும் ஆழமும் அதுவே என்றால் நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனைக்குக் கிழக்கே வங்கக்கடலின் அலை, மேற்கே பாக் நீரிணையின் அலை, நடுவில் மணல் மேடுகள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் 5 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு அகலமாகச் சுற்றினோம். குறுக்கே வெட்டினால் மிச்சமாவது அரை மணி நேரம், இழப்பது படகாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாள்: கோடியக்கரை – கோட்டைப்பட்டினம், 42 கடல்மைல்

நாள் முழுதும் அலை பின்னாலிருந்து வந்தது. பின்னலை சுகமாகத் தெரியும், ஆபத்தும் அதில்தான் ஒளிந்திருக்கிறது. படகு அலையின் முகத்தில் சறுக்கத் தொடங்கினால் அணியம் முன்னால் இருக்கும் பள்ளத்தில் குத்தி நிற்கும். அமரத்தை அலை தள்ளும். படகு குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் அடுத்த அலையை வாங்கும். அதைத் தவிர்க்க முன்னே போகும் அலையின் முதுகில் நின்று, அதன் வேகத்துக்கே ஓட வேண்டும். முந்தக் கூடாது, பின்னால் வரும் அலை ஏறவும் விடக் கூடாது. எரிபொருள் கேன்களை அணியத்திலிருந்து எடுத்து நடுவுக்குச் சற்றுப் பின்னே வைத்தால் மூக்கு குத்துவது குறையும். கேன்களைக் கட்டிவைக்க வேண்டும். உருளும் 35 லிட்டர் கேன் ஒன்றே படகின் சமநிலையைக் கெடுத்துவிடும்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கரையோரம் சேறும் ஆழமின்மையும். உள்ளே ஒதுங்குமிடம் இருக்கும் என்று நம்பி நெருங்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: கோட்டைப்பட்டினம் – மண்டபம் வடகரை, 42 கடல்மைல்

பாக் விரிகுடாவின் அலை குட்டையான அலை. விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 10 மீட்டரை ஒட்டியே இருப்பதால் அலை நீண்டு வளர முடியாது, நெருக்கமாக அடுக்கி வரும். 4 விநாடிக்கு ஓர் அலை என்றால் அலைக்கும் அலைக்கும் இடையே சுமார் 25 மீட்டர். 30 அடிப் படகு ஒன்றில் ஏறி இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பக்கத்தில் வாங்கினால் படகு உருளும், நேரே வாங்கினால் அடிப்பலகை அறையும். 30 முதல் 45 பாகை சாய்த்து, வேகத்தை 5 நாட்டுக்கு இறக்கி, அலையின் தோளில் ஏறுவது ஒன்றே வழி.

இங்கே இன்னொரு தொல்லை கடல்புல். வாடை நாள்களில் அடியிலிருந்து பிடுங்கப்பட்டு வரிவரியாக மிதந்து வரும். அவுட்போர்டின் பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு நீர்த்தாரை பீய்ச்சும் அல்லவா, அதிலேயே ஒரு கண் வேண்டும். தாரை முதலில் வளையும், பிறகு துளித்துளியாகும், பிறகு நிற்கும். துளியாகும்போதே இன்ஜினை நிறுத்தி, நீருக்குள் இருக்கும் அதன் அடிப்பகுதியைத் தூக்கி, நீர் உறிஞ்சும் சல்லடையில் ஒட்டியிருக்கும் புல்லை வழித்தெடுத்தால் இரண்டு நிமிட வேலை. தாரை நின்ற பிறகும் ஓட்டினால் நீரேற்றும் ரப்பர் சக்கரம் கருகி, இன்ஜின் சூடேறி இறுகிவிடும். உதிரி ரப்பர் சக்கரம் ஒன்றும் அதை மாற்றும் சாவியும் படகில் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் புல்வெளிதான் ஆவுளியா என்னும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. மூச்சுவிட மேலே வரும் அந்த உயிருக்கு வேகமாக வரும் படகிலிருந்து விலகத் தெரியாது. புல்வெளிக்கு மேல் மெதுவாகவே போக வேண்டும்.

பாக் விரிகுடாவின் இந்திய–இலங்கை எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்டது. வாடையில் இன்ஜின் நின்றால் படகு நம் கரைப் பக்கம் ஒதுங்கும். கச்சான் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது அந்த எல்லைக்கோட்டை நோக்கிப் போகும். காற்றின் வேகத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேகத்துக்குச் சிறு படகு மிதந்து போகும் என்று வையுங்கள். 20 நாட் காற்றில் ஒரு இரவுக்குள் 10 கடல்மைல். ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கு 3 கடல்மைல் முன்பே எச்சரிக்கை ஒலிக்கும்படி வைத்துவிடுங்கள்.

நான்காம் நாள்: மண்டபம், நிறுத்தம்

இன்று புறப்படவில்லை. காலையிலேயே வாடை 20 நாட்டைத் தொட்டது. வடகரையில் நங்கூரமிட்ட படகுகள் குதிரைபோல் துள்ளின. ஒன்றரை கிலோமீட்டர் நடந்து தென்கரைக்குப் போனால் கடல் குளம்போல் கிடக்கிறது. காற்று அதே காற்று. வடகரைக்கு அது விரிகுடா முழுதையும் கடந்து வந்து சேர்கிறது. தென்கரைக்கு நிலத்தின் மேலிருந்து இறங்குகிறது. நீரின் மேல் எத்தனை தூரம், எத்தனை நேரம் ஓடிவந்தது என்பதே அலையை ஆக்குகிறது. ஜூலையில் இதே இடத்துக்கு வந்தால் தென்கரை கொதிக்கும், வடகரை தட்டையாக இருக்கும். ஆகவே காற்று வேகம் என்று ஒரு எண்ணை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவது போதாது.

நிறுத்தம் கிடைத்ததால் அறிவிப்புகளைப் படிக்கும் முறையை விரிவாக எழுதுகிறோம்.

மீனவர்களுக்கான எச்சரிக்கையைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தருகிறது. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்ற வாசகம் எல்லோருக்கும் பழக்கம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 45 என்றால் 24 நாட், 55 என்றால் 30, 65 என்றால் 35. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் 45-இல் இருந்து 65-க்குத் தாவும் அந்த 'இடையிடையே'யில் படகின் மேல் விழும் அடி இரு மடங்குக்கும் மேல். சிறு படகு கவிழ்வது பெரும்பாலும் அந்த வீச்சில்தான். எங்கள் படகுக்கு வரம்பு 16 நாட். அதற்கு மேல் என்றால் கரையில் இருப்போம்.

அலைக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு. அதில் வரும் அலை உயரம், வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எல்லா அலையும் அந்த உயரம் என்று பொருளில்லை. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் ஆயிரம் அலைக்கு ஒன்று 2.8 மீட்டர் வரும். 5 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலை கடந்துபோக ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆகவே அந்தப் பெரிய அலை அபூர்வமன்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் சந்திக்க வேண்டியது.

உயரத்துக்குப் பக்கத்திலேயே விநாடிக் கணக்கு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு உயரத்தைவிட அது முக்கியம். ஆழ்கடலில் விநாடியை விநாடியால் பெருக்கி 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரமும் 14 விநாடியும் என்றால் 300 மீட்டர் நீளம். படகு தூளி ஆடுவதுபோல் ஏறி இறங்கும், நடுக்கடலில் ஒன்றும் செய்யாது. அதே ஒன்றரை மீட்டர் 5 விநாடியில் வந்தால் 39 மீட்டர் நீளம்தான். சிறு படகுக்கு அது வேலை வைக்கும். ஆனால் கரையிலும் ஆற்று முகத்திலும் கதை தலைகீழ். நீண்ட அலைதான் ஆழம் குறையும் இடத்தில் எழும்பி நின்று கொல்லும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலை. இரண்டு என்றால் தொலைவில் புயல் உருவாகிவிட்டது. மூன்றாம் எண்ணில்தான் அந்தத் துறைமுகமே பலத்த காற்றின் அச்சுறுத்தலுக்குள் வருகிறது. ஒன்றாம் எண்ணைப் பார்த்துவிட்டு 'தூரத்தில்தானே' என்று ஒரே நாள் ஓட்டத்துக்குக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொலைவு படகுக்கும் புயலுக்கும் இடையே அளக்கப்பட்டதில்லை, துறைமுகத்துக்கும் புயலுக்கும் இடையே அளக்கப்பட்டது. தெற்கே 40 கடல்மைல் போனவனுக்கு அது பக்கத்தில் இருக்கலாம்.

ஐந்தாம் நாள்: பாம்பன் வாராவதி – மூக்கையூர், சுமார் 45 கடல்மைல்

காற்று 12 நாட்டுக்கு இறங்கியது. பாம்பன் கால்வாயைக் கடக்க அதற்குரிய துறைமுக அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1914-இல் திறந்த பழைய தூக்குப்பாலத்துக்குப் பக்கத்தில், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு விளக்கு தானே சிவப்பாகிவிடும்படி காற்றுமானி வைத்திருந்தார்கள். ரயிலை நிறுத்தும் காற்று 31 நாட். சிறு படகு அதில் பாதிக்கே நின்றுவிட வேண்டும்.

வாடைக் காலத்தில் கால்வாயில் நீர் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு ஓடும், கச்சான் காலத்தில் எதிர்த்திசையில். வாய் குறுகலானது என்பதால் வேகம் அதிகம், இருபுறமும் பாறை. நீரோடு போகும்போது படகு தரையைப் பொறுத்து வேகமாகப் போகும், சுக்கானைச் சுற்றி ஓடும் நீரோ அந்த வேகத்துக்குக் குறைவு. திரும்பச் சொன்னால் தாமதமாகத் திரும்பும். இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்து போகலாம் என்பது இங்கே செய்யக் கூடாத காரியம். பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்ததும், வெளியே பாயும் நீர் தெற்கிலிருந்து வரும் நீண்ட அலையைச் சந்திக்கும் இடத்தில் நூறு, இருநூறு மீட்டருக்குச் செங்குத்தான அலை எழும்பும். அணியத்தை நேரே வைத்து 4 நாட்டில் கடந்தால் போதும்.

அதன் பிறகு தட்டையான கடல். இதில் மயங்க வேண்டாம். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கரையோரம் எப்போதும் தட்டையாகத்தான் தெரியும். ஒவ்வொரு மைலுக்கும் அலை கூடும், திரும்பும்போது அத்தனையும் முகத்தில் வரும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற கணக்கு இதற்காகத்தான். இன்ஜின் நின்றால் படகு போகும் திசை திறந்த கடல்.

தூத்துக்குடி வரை 21 தீவுகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கக் கூடாது. தீவுகளுக்கு வெளியே, பாரை (நீருக்கடியில் இருக்கும் பாறை மேட்டை) விட்டு நன்றாக விலகிப் போனோம்.

ஆறாம் நாள்: மூக்கையூர் – தூத்துக்குடி

விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தீவு மறைந்தாலும் மேடு அங்கேயே இருக்கிறது. சுற்றிலும் தட்டையான நீரில் ஓரிடத்தில் மட்டும் அலை வெளுத்தால் அது பார்.

இன்று நடுவழியில் இன்ஜின் இரண்டு முறை இருமியது. பாம்பனுக்குத் தெற்கே படகு குலுங்கியதில் தொட்டியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வந்துவிட்டன. வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் எரிபொருள் மேலேயும், அடியில் பட்டாணி அளவுக்குத் தெளிந்த நீர்க்குமிழ்களும் உருண்டுகொண்டிருந்தன. கழற்றிக் கொட்டி, துடைத்து மாட்டிய பின் சீரானது. கடல் குலுங்கும்போதுதான் கசடு கலங்கும், கலங்கும்போதுதான் இன்ஜின் நிற்கும். இன்ஜின் மோசமான நேரத்தில் நிற்பது தற்செயலன்று. தொட்டியை நிறைத்துவைத்தால் உள்ளே ஈரம் படியாது. கிண்ணத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். சுவரில் மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு சேர்ந்து, திசையே இல்லாமல் கூம்பு கூம்பாக எழும். சுவரை விட்டு அரை கடல்மைல் தள்ளியே போக வேண்டும். கப்பல் வழியைக் குறுக்கே கடந்தால் செங்கோணத்தில், சட்டென்று கடந்துவிட வேண்டும்.

ஏழாம் நாள்: தூத்துக்குடி – மணப்பாடு, 25 கடல்மைல்

குறைந்த தூரம், நல்ல கடல். பிற்பகலில் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. சோழகத்தின் முதல் மூச்சு.

மணப்பாட்டுக் குன்றின் மேல் நின்று கீழே கரையில் உடையும் அலைகளைப் பத்து நிமிடம் எண்ணினோம். ஆறேழு சின்ன அலை, பிறகு மூன்று பெரிய அலை, பிறகு ஒரு தணிவு. நீண்ட அலை கூட்டமாகத்தான் வரும். கரையிலோ ஆற்று முகத்திலோ நுழைய வேண்டுமானால் கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நுழைபவருக்குத் தணிவு மட்டுமே கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

எட்டாம் நாள்: மணப்பாடு – சின்னமுட்டம், 34 கடல்மைல்

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் தாண்டத் தாண்டத் தெற்கேயிருந்து வரும் அலை நீண்டுகொண்டே போனது. மதியம் அலைக்கும் அலைக்கும் இடையே 15 விநாடி. இந்த அலையை எழுப்பிய காற்று இங்கே எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயற்காற்றின் அலை அது. 15 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர். பல நாள் ஓடி, காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து கரையில் ஏறுவதால்தான் குமரிக் கரையிலும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட கடல்தான். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் அறிவிப்பு வந்தால் படகை மணலில் இன்னும் மேலே ஏற்றுங்கள். துறைமுகத்தில் கட்டியிருந்தால் கயிறுகளைத் தளர்த்தி, படகுகளுக்கிடையே இடைவெளி விட்டு, டயர் தொங்கவிடுங்கள்.

குமரிமுனையில் தொடர்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி இந்தக் கடலில் ஒரே நாளில் வலுத்துப் புயலானது. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டாமல் போயிற்று. படகும் கரையும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலி நேர்கோட்டில்தான் போகும். படகில் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, கரையில் 36 மீட்டர் கோபுரம் என்றால் எட்டும் தூரம் 18 கடல்மைலுக்குள். கைபேசி அதற்கு முன்பே விட்டுப்போகும். அதற்கு அப்பால் போகிறவர் கையில் செயற்கைக்கோள் வழி இயங்கும் அபாய அறிவிப்புக் கருவி இருக்க வேண்டும். விஎச்எஃப்-இல் 16-ஆம் அலைவரிசையைத் திறந்தே வையுங்கள். கரையிலிருந்து கடலோரக் காவல்படையை அழைக்க 1554.

சின்னமுட்டம் முனைக்குக் கிழக்கே இருப்பதால் மேற்கு அலைக்கு மறைவு. முனையைச் சுற்றிக் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போக எண்ணுபவர்கள் மேற்குப் பக்கத்து முன்னறிவிப்பைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். தேங்காய்ப்பட்டணத் துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து அலை உடைந்து பல உயிர் போயிருக்கிறது. அங்கே 12 விநாடிக்கு மேல் அலை வரும் நாளில், உயரம் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தாலும், வாயிலுக்கு வெளியே ஆழத்தில் நின்று கரையில் இருப்பவர்களிடம் வானொலியில் கேட்ட பிறகே உள்ளே போங்கள்.